மண்டபமும் களரியும்

மாணவரைக் கூத்துப் பார்க்க அழைத்துச் செல்லும்போதெல்லாம் பேராசிரியர் சு. வித்தியானந்தனை நினைத்துக்கொள்வேன். மட்டக்களப்பில் விடிய விடிய ஆடப்பெற்ற கூத்தை, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு சில மணி நேர நாடகமாகச் சுருக்கி மேடையேற்றியவர் அவர். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’. கூத்தென்றால் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுங்கியிருந்த படித்தவர்களும் மண்டபத்துக்கு வந்தார்கள். பாடசாலை நேரசூசிகைக்குள் கூத்து அடங்கியதும் இந்தச் சுருக்கத்தாலேதான்.

ஆனால், நேயர்களே, மண்டபத்தில் நாம் ஒரு பக்கமிருந்துதான் பார்க்கிறோம். வட்டக்களரியிலோ நாற்புறமும் சனம். அண்ணாவியாரின் மத்தள அடியும் ஆட்டக்காரரின் சதங்கை ஒலியும் நெஞ்சில் வந்து விழும். உறங்கிய பிள்ளை விழித்தெழுந்தாலும் கூத்து நடந்துகொண்டேயிருக்கும். பெற்றோர் நித்திரை கெடுமென்று முணுமுணுப்பார்கள், ஓரிரவுதானே! மண்டபத்துக்குக் கூட்டிப்போன பிள்ளைகளைக் களரிக்கும் ஒருமுறை கூட்டிப்போகாமல் நான் விடுவதில்லை.