பனடோலின் மற்றப் பெயர்

பாமசிக்குப் போய் "பரசிற்றமோல் தாங்கோ" எண்டு கேக்கிற ஆக்கள் எங்கட ஊர்களில் குறைவு. "ஒரு காட் பனடோல்" எண்டுதான் கேப்பம். கடையில் நிற்கிற பிள்ளை வேறு கம்பனியின் பரசிற்றமோலை எடுத்து நீட்டினால், "இது வேற மருந்தெல்லோ" என்று திருப்பிக் கொடுக்கிற அம்மம்மாமார் இருக்கினம். அதே வீட்டு அலுமாரியில் கனடாவிலிருந்து பார்சலில் வந்த ரைலனோல் போத்தலும் இருக்கும். அதன் லேபிளில் அசற்றமினோபென் என்று போட்டிருக்கும். காய்ச்சல் விடவில்லையெண்டால் பனடோலுக்கு மேலே அதையும் போடுவார்கள், "வெளிநாட்டு மருந்து, கேக்கும்" எண்டு.

பரசிற்றமோலும் அசற்றமினோபெனும் ஒரே மருந்து. ஒரே நீளமான இரசாயனப் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி பிரித்தானியர்கள் ஒரு சுருக்கமும் அமெரிக்கர்கள் இன்னொரு சுருக்கமும் செய்தார்கள், அவ்வளவுதான். வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் 4 கிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது. 500 மில்லிகிராம் குளிசை என்றால் எட்டு. இரண்டு பெயரில் இரண்டு போத்தல் இருக்கிற வீட்டில் அந்த எட்டைத் தாண்டுவது மிகச் சுலபம். தாண்டினால் அடிபடுவது ஈரல்.

பாமசி வேலை பழகப் போகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தருகிற விசயம் இது: ஒரு மருந்துக்கு மூன்று பெயர். இரசாயனப் பெயர் ஆய்வுகூடத்துக்கு வெளியே பெரிதாகத் தேவைப்படாது. அடுத்தது பொதுப் பெயர். அதை உலகத்துக்கெல்லாம் ஒன்றாக்கும் வேலையை உலக சுகாதார நிறுவனம் 1950இல் கையிலெடுத்து, 1953இல் முதற் பட்டியலை வெளியிட்டது. அமெரிக்கா போன்ற சில நாடுகள் சில மருந்துகளுக்குத் தங்கள் பழைய பெயரை விடவில்லை. அசற்றமினோபென் அதில் ஒன்று. மூன்றாவது வர்த்தகப் பெயர், கம்பனியின் சொத்து.

பொதுப் பெயரின் வாலைப் பார்த்தால் மருந்தின் குடும்பம் பிடிபடும். அமொக்சிசிலின், கிளொக்சசிலின் என்று "சிலின்" இல் முடிந்தால் பெனிசிலின் குடும்பம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு எடுத்துக் குடுக்க முதல் கை நிக்கவேணும். அற்றினோலோல், புரொப்பிரனோலோல் என்று முடிந்தால் இதயத் துடிப்பைக் குறைக்கிற குடும்பம். தொய்வு இருக்கிறதா என்று ஒருக்கால் கேட்கவேண்டும். வர்த்தகப் பெயரில் இப்படி எந்த அடையாளமும் கிடையாது. நாவில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் ஒரே வேலை. காப்புரிமைக்கு முடிவுத் திகதி உண்டு. பெயருக்கு இல்லை. காப்புரிமை முடிந்து எவரும் அந்த மருந்தைச் செய்யலாம் என்று வந்த பிறகும், ஆக்கள் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். கம்பனிகளுக்கு அது தெரியும்.

இந்தப் பெயர்களில் எது மருந்துச் சீட்டில் ஏறவேண்டும் என்பதற்காக எங்கட நாட்டில் ஒரு பெரிய இழுபறி நடந்திருக்கிறது. அதன் நடுவில் நின்றவர் சேனக பிபிலே.

1920இல் பிறந்தவர். ஊவாவின் வசதியான பழைய குடும்பம். கொழும்பில் மருத்துவம் படித்து, எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் எடுத்து வந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியர் ஆனார். லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். 1950களின் கடைசியிலேயே அரச ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு மருந்து விவரக்கோவை உருவாக்கும் வேலையில் இறங்கிவிட்டார். ஒரே மருந்தை நாலு பெயரில் வாங்கி அடுக்கி வைப்பதை நிறுத்தி, எது உண்மையில் தேவை, எதற்கு ஆதாரம் இருக்கிறது என்று பார்த்துப் பட்டியல் போடுவதுதான் அந்த வேலை. கூடவே டொக்டர்மாருக்காக ஒரு சிறு சஞ்சிகையும் நடத்தினார். கம்பனிப் பிரதிநிதி கொண்டுவருகிற பளபளப்புத் தாளைத் தவிர வேறு ஏதாவது அவர்கள் வாசிக்கட்டும் என்பது நோக்கம். எனக்கு அவரின் வேலைகளிலேயே பிடித்தது இந்தச் சஞ்சிகைதான். சட்டம் போட முதல் வாசிக்கக் குடுத்திருக்கிறார்.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வந்தது. சமசமாஜிகளும் கம்யூனிஸ்ட்டுகளும் அதில் இருந்தார்கள். கையில் டொலர் இல்லை. கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து, நாட்டின் மருந்து முகாமைத்துவம் பற்றி 1971இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் வழியாக வந்ததுதான் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம். முதல் தலைவர் பிபிலே.

தனியார் துறையில் அப்போது சுமார் 2,100 மருந்துகள் இறக்குமதியாகிக்கொண்டிருந்தன. ஒரு நிபுணர் குழு அதை அலசி, சுமார் 600 ஆகக் குறைத்தது. பிறகு இறக்குமதியைக் கூட்டுத்தாபனம் படிப்படியாகத் தன் கைக்கு எடுத்தது. இந்த இடத்தில்தான் பெயர் வேலை செய்தது. "வேலியம் வேண்டும்" என்று நீங்கள் சந்தைக்குப் போனால் உலகத்தில் விற்கக்கூடியவர் ஒரே ஆள், ரோஷ் கம்பனி. அவர் சொல்வதுதான் விலை. "டயசெபாம் வேண்டும், இவ்வளவு மில்லிகிராம், இவ்வளவு லட்சம் குளிசை" என்று உலகளாவிய கேள்விப்பத்திரம் போட்டால், பல நாடுகளிலிருந்தும் விலை கேட்டு வருவார்கள். சின்ன நாடு, சின்னச் சந்தை, கையில் காசில்லை. ஆனாலும் முழு நாட்டின் தேவையையும் ஒரே கட்டாகக் கட்டிப் பொதுப் பெயரில் கேட்டபோது பேரம் பேச முடிந்தது. பல மருந்துகள் முந்திய விலையின் ஒரு பகுதிக்கே கிடைத்தன. உள்நாட்டில் குளிசை அடித்துக்கொண்டிருந்த தனியார் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. கம்பனிகளுக்கு உண்மையில் வலித்தது அதுதான். தாய்க் கம்பனியிடமிருந்து கூடிய விலைக்கு மூலப்பொருள் வாங்குவதாகக் கணக்குக் காட்டி, இலாபத்தை நாட்டுக்கு வெளியே எடுக்கிற வழி அடைபட்டது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் பிரதமருக்கே கடிதம் எழுதினார். உள்ளூரில் டொக்டர்மார் கனபேர், "எந்த மருந்து எழுதுவது என்பது எங்கள் உரிமை" என்றார்கள். மலிவு மருந்து தரமில்லாத மருந்து என்ற பேச்சும் கிளம்பியது.

இதை முழுக்கக் கம்பனிப் பிரசாரம் என்று தள்ளுகிற பழக்கம் எங்களில் இடதுசாரி நண்பர்களுக்கு உண்டு. நான் உடன்படமாட்டேன். 1968இல் ஒஸ்ரேலியாவில் வலிப்புக்குக் கொடுக்கிற பெனிற்றோயின் மாத்திரையில், மருந்தை மாற்றாமல், அதோடு கலக்கிற நிரப்புப் பொருளை மட்டும் கல்சியம் சல்பேற்றிலிருந்து லக்ரோசுக்கு மாற்றினார்கள். அதனால் உடம்பு உறிஞ்சும் மருந்தின் அளவு கூடி, நோயாளிகளுக்கு நச்சுத்தன்மை ஏற்பட்டது. 1971இல் அமெரிக்காவில் வெவ்வேறு கம்பனிகளின் டிஜொக்சின் குளிசைகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே பெயர், ஒரே மில்லிகிராம், இரத்தத்தில் வேறு அளவு. ஆக, பொதுப் பெயரில் வாங்குகிற அரசு பரிசோதனைக் கூடத்துக்கும் காசு ஒதுக்கியே ஆகவேண்டும். ஆனால் பெனிற்றோயின் விசயத்தில் பிசகியது பெயர்போன ஒரு கம்பனியின் பொருள் என்பதையும் கம்பனிக்காரர்கள் சொல்லவில்லை.

உண்மையான பலப்பரீட்சை ரெட்ராசைக்கிளினில் நடந்தது. பைசர் கம்பனிக்கு இலங்கையில் ஒரு தொழிற்சாலை இருந்தது. கூட்டுத்தாபனம் மேற்கு ஜேர்மனியின் ஹெக்ஸ்ற் கம்பனியிடம் குறைந்த விலைக்கு ரெட்ராசைக்கிளின் தூளை வாங்கி, கூட்டுக்குள் அடைத்துத் தரும்படி பைசரிடம் கேட்டது. பைசர் மறுத்தது. மறுத்துக்கொண்டேயிருந்தது. 1974இல் நாட்டில் வாந்திபேதி பரவியது. கொலராவுக்கு முதல் மருந்து உப்பும் சீனியும் கலந்த தண்ணீர்தான் என்றாலும், கடுமையான நோயாளிக்கு அந்தக் காலத்தில் ரெட்ராசைக்கிளின் தேவை. தூள் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, குளிசை இல்லை. கடைசியில் கூடிய செலவில் விமானத்தில் இறக்கினார்கள். தொழிற்சாலையை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று பிபிலே கேட்டார். கைத்தொழில் அமைச்சர் ரி. பி. சுபசிங்கவும் அந்தப் பக்கம்தான் நின்றார். அமெரிக்கத் தூதுவர் பிரதமரோடு பேசினார். பொறுப்பேற்பு நடக்கவில்லை. பின்னர் பிபிலே, பொருளியலாளர் சஞ்ஜெய லால் என்பவரோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. அது 1977இல் வெளிவந்தது.

தமிழில் பிபிலேயைப் பற்றிப் பேசும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. மருத்துவபீடக் கதவு தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒடுங்கிய அதே வருடங்களில்தான் ஆஸ்பத்திரிக்கு மலிவு மருந்து வந்தது. 1972 அரசியலமைப்பை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, பிபிலேயின் கட்சித் தலைவர்களில் ஒருவர். எங்கட வீடுகளில் எழுபதுகள் எண்டால் தரப்படுத்தலும் பாண் கியூவும்தான் ஞாபகம், கூட்டுத்தாபனம் ஞாபகமில்லை. அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் குளிசைகள் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கும் வந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் வாசிக்கவேண்டியிருக்கிறது, ஒன்றால் மற்றதை அழிக்க முடியாது.

1977 யூலையில் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது, கூட்டுத்தாபனத்தின் இறக்குமதி ஏகபோகம் போனது. பிபிலே அப்போது ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்புக்காக மற்ற நாடுகளுக்கு இதே வேலையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் செப்டெம்பர் 29ஆம் திகதி கயானாவில் இறந்தார். மாரடைப்பு என்றது அறிக்கை. கொலை என்பாரும் உண்டு. ஆதாரம் எதையும் நான் காணவில்லை, ஒவ்வொரு செப்டெம்பரும் முகநூலில் அந்தக் கதை மட்டும் சுற்றுவது அவரது வேலையை மறைக்கிறது. அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது, சுமார் 200 மருந்துகளோடு. 1982இல் பங்களாதேஷ் தேவையற்ற மருந்துகளை வெட்டி எறிந்தது.

இலங்கையில் 2005இல் ஒரு தேசிய மருந்துக் கொள்கை, 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம். இரண்டையும் பற்றிப் பேசும்போது பிபிலேயின் பெயரைச் சொல்லாத அரசியல்வாதி இல்லை. பெயரைச் சொன்னால் போதாது என்பது 2023இல் தெரிந்தது. தரமற்ற இமியூனோகுளோபியூலின் ஊசிமருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே அடுத்த வருடம் கைதானார். மருந்தை ஆர் பரிசோதிக்கிறது என்ற எழுபதுகளின் கேள்வி அப்படியே கிடக்கிறது.

2022இல் டொலர் இல்லாமல் போனபோது, வழக்கமான பெட்டி கிடைக்காமல் பாமசி பாமசியாக அலைந்தவர்கள் எத்தனை பேர். அதே மருந்து வேறு பெயரில் அடுத்த தட்டில் இருந்திருக்கக்கூடும். காட்டின் பின்பக்கத்தில், வர்த்தகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பொதுப் பெயர் இருக்கும். அதை முழுசாக வாசிக்கவேணும். பாதி வாசித்தால் குளோர்புரோமசினும் குளோர்புரோபமைட்டும் ஒன்றுபோலத் தெரியும், முன்னது மனநோய்க்கு, பின்னது சீனி வருத்தத்துக்கு. பிறகு மில்லிகிராம். பெயரும் அளவும் ஒன்றென்றால் பெரும்பாலான மருந்துகளில் பெட்டி மாறினால் பயமில்லை. பெனிற்றோயின், வார்பரின், தைரொக்சின் மாதிரிச் சிலதுக்கு மட்டும், பெட்டியை மாத்த முதல் டொக்டரிட்டை ஒரு சொல்லு கேக்கவேணும்.