விழிப்பு என்னும் சாட்சி: மைசூரின் மாண்டூக்கியப் பதிப்பும் தமிழ்க் கனவுப் பாடல்களும்

1936ஆம் ஆண்டில் மைசூர் ஸ்ரீ இராமகிருஷ்ண ஆசிரமம் மாண்டூக்கிய உபநிடதத்தைக் கௌடபாதர் காரிகையுடனும் சங்கரர் உரையுடனும் சேர்த்து ஆங்கிலத்தில் வெளியிட்டது. மொழிபெயர்த்தவர் சுவாமி நிகிலானந்தர். முன்னுரை வழங்கியவர் மைசூர்ப் பல்கலைக்கழகப் பதிவாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற வி. சுப்பிரமணிய ஐயர். நனவு, கனவு, உறக்கம் ஆகிய மூன்று நிலைகளையும் ஒருசேர ஆராய்ந்தாலன்றி மெய்ம்மையை அறிய இயலாது என்பது ஐயர் தம் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கொள்கையாகும்.

இக்கொள்கைக்கு மைசூர் நல்ல களமாக அமைந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் 1916இல் தோன்றிய பல்கலைக்கழகத்தில் 1918 முதல் 1921 வரை இராதாகிருஷ்ணன் மெய்யியல் கற்பித்தார். அங்குச் சமற்கிருதம் கற்பித்த ஹிரியண்ணாவின் இந்திய மெய்யியல் நூல் 1932இல் இலண்டனில் வெளிவந்தது. அரசரே ஐயரிடம் வேதாந்தம் பயின்றார். இங்கிலாந்திலிருந்து வந்த பால் பிரண்டனும் அவரிடம் பாடம் கேட்டவர். கனவு பற்றிய விவாதம் அரண்மனையிலும் ஆசிரமத்திலும் அன்றாடப் பொருளாயிருந்த ஊர் எனலாம்.

அவ்விவாதம் விழிப்பின் மேல் கட்டப்பட்டது. கனவு பொய் என்பதற்குக் காரிகையின் இரண்டாம் பகுதி தொடக்கத்தில் கூறும் காரணங்கள் எளியவை. உடலுக்குள் மலையும் யானையும் அடங்க இடமில்லை. தொலைநாட்டுக்குச் சென்று காணக் காலம் போதாது. விழித்தவன் தான் கனவில் கண்ட ஊரில் இருப்பதுமில்லை. இம்மூன்றாவது காரணத்தில் விழிப்பே சாட்சியாகிறது. ஆயினும் கௌடபாதர் இத்துடன் நிற்கவில்லை. நனவையும் அதே தட்டில் வைத்து நிறுக்கிறார். வயிறார உண்டு உறங்கியவன் கனவில் பசியால் வாடுகிறான். எனவே நனவின் பயனும் கனவில் அழிகிறது எனச் சங்கரர் அதற்கு விளக்கம் தருவார். ஆனால் அதே சங்கரர் பிரம்மசூத்திர உரையில் (2.2.29) பௌத்த விஞ்ஞானவாதியை மறுக்குமிடத்து, கனவு விழிப்பால் மறுக்கப்படுகிறது, நனவு அவ்வாறு மறுக்கப்படுவதில்லை என இரண்டையும் பிரிக்கிறார். விஞ்ஞானவாதத்தின் பேராசிரியரான வசுபந்துவோ, விழித்தெழாத ஒருவன் கனவுப் பொருளின் இன்மையை அறியமாட்டான் என்று தம் ‘விம்சதிகா’வில் கூறியிருந்தார். உலகின் உண்மை பற்றி எதிரெதிர் நின்றோர் இந்த ஒன்றில் உடன்படுகின்றனர்: கனவைக் கனவென்று காட்டுவது விழிப்பே.

கனவுக்குள்ளேயே ‘இது கனவு’ என்று அறிபவனைக் குறித்து என் சொல்வது? அத்தகைய கனவைத் தெளிவுக் கனவு எனலாம். டச்சு மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடெரிக் வான் ஈடன் 1913இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வகைக் கனவுகளாகத் தாம் கண்ட 352ஐக் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் இவற்றுக்கு இன்று வழங்கும் பெயரையும் நிலைபெறச் செய்தார். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நிகழ்த்திய ஆய்வில், உறங்கிக்கொண்டிருந்தவர் முன்னரே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துத் தாம் கனவை அறிந்ததை உணர்த்தினார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் இதனைத் தனியே நிறுவினார். ஐயரின் முன்னுரைக்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே ஆய்வுக்கூடச் சான்று கிடைத்தது.

தெளிவுக் கனவு முடியும் விதமே இங்கு முதன்மையானது. சில வேளைகளில் தெளிவு மங்கிக் கனவு மட்டும் தொடர்கிறது. கண்டவன் மீண்டும் கதைக்குள் மூழ்கிவிடுகிறான். பல வேளைகளில் ‘இது கனவு’ என்னும் அறிவு தரும் கிளர்ச்சியே உறக்கத்தைக் கலைத்துவிடுகிறது. காட்சி மங்கத் தொடங்கும்போது கனவுடலைப் பம்பரம்போல் சுழற்றினால் கனவு நீடிக்கக்கூடும் என்றார் லபெர்ஜ். மூன்றாவது முடிவு வியப்புக்குரியது. கண்டவன் விழிக்கிறான், படுக்கையிலிருந்து எழுகிறான், முகம் கழுவுகிறான். பிறகு உண்மையாகவே விழிக்கிறான். முதல் விழிப்பும் கனவே. வான் ஈடனும் இப்பொய்விழிப்பைத் தனிவகையாகக் குறித்துள்ளார்.

பொய்விழிப்பு கௌடபாதருக்கு உவப்பாயிருந்திருக்கும். ‘விழித்துவிட்டேன்’ என்னும் தீர்ப்பே கனவின் ஒரு பகுதியாக அமையக்கூடுமாயின், விழிப்பைத் தனிச்சான்றாகக் கொள்வது கடினம். ஆனால் தெளிவுக் கனவு நேரடி விழிப்பில் முடியும்போது நிகழ்வது வேறு. அங்கே புதிதாக அறியப்படுவது ஒன்றுமில்லை. பொய்யென்னும் அறிவு முன்பே வந்துவிட்டது. இப்போது மறைவது காட்சி மட்டுமே. அத்துவைதத்தில் இதற்கு இணை தேடுவோர் ஞானம் பிறக்கும் கணத்தைச் சுட்டுவது பொருந்தாது. உலகைப் பொய்யென அறிந்த பின்னும் அது தோன்றக் காண்பவன் சீவன்முத்தன். கானலைக் கானலென அறிந்தவனுக்கும் கானல் தோன்றும் என்பது மரபான உவமை. தெளிவுக் கனவு காண்பவன் அவனுக்கு ஒப்பானவன். ஆகவே அக்கனவின் முடிவு சீவன்முத்தனின் உடல் வீழ்ச்சிக்கு ஒப்பாகும். அறியாமையின் அழிவும் தோற்றத்தின் அழிவும் வேறு வேறு காலத்தில் நிகழ்கின்றன என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு இல்லை.

தமிழ்ச் சிந்தனையில் இப்பொருள் வேறு வழியில் சென்றது. திருமந்திரம் கனவினையும் உட்பிரித்துக் ‘கனவில் நனவு’ என ஒன்றனைச் சுட்டும். சித்தாந்தம் நனவில் 35 கருவிகளும் கனவில் 25 கருவிகளும் தொழிற்படும் என்று கணக்கிடும். அவை உயிரின் நிலைகளை வகுப்பன. கனவு கலைவதன் துயரை அவற்றில் தேட இயலாது. அதற்கு அகப்பாடல்களிடமே செல்லவேண்டும். அப்பாடல்களும் மைசூருக்கு அயலானவை அல்ல. 1969இல் அங்கு நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில்தான் 2006இல் செம்மொழித் தமிழ் உயராய்வு மையம் தொடங்கப்பெற்றது. 2008இல் சென்னைக்கு மாறும்வரை 41 பழந்தமிழ் நூல்களுக்கான பணி அந்நகரிலிருந்தே நடைபெற்றது. குறுந்தொகையும் திருக்குறளும் அவற்றுள் அடங்கும்.

கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகைப் பாடலில் (30) தலைவி கனவில் தலைவனைத் தழுவி, மெய்யென மயங்கி எழுந்து, வெறுங்கட்டிலைத் தடவிப் பார்க்கிறாள். கனவின் மயக்கம் விழிப்புக்குப் பின்னும் அவள் கையில் தங்கியிருக்கிறது. இது தெளிவுக் கனவன்று. விழிப்பே பொய்யைக் காட்டுகிறது. குறளின் தலைவி அவ்வாறு மயங்குபவளல்லள். தன் கண்கள் இரப்பதற்கிணங்கி உறங்குமாயின், கனவில் வரும் தலைவனிடம் தான் உயிரோடிருக்கும் தன்மையைச் சொல்வேன் என்கிறாள் (1212). நனவில் எண்ணியதைக் கனவுக்குள் கொண்டு சென்று நிறைவேற்றும் நோக்கம் இது. ஹல் நகரில் உறங்கியவர் செய்ததும் இத்தகையதே. இக்குறளைக் கொண்டு வள்ளுவர் தெளிவுக் கனவை அறிந்திருந்தார் என முடிவுகட்டுவது மிகை. அவள் அத்தகைய கனவை விரும்பினாள் என்ற அளவில் நிற்றலே முறை.

நனவில் கண்டதும் கண்ட பொழுதில் இனிது, கனவும் கண்ட பொழுதில் இனிது (1215) என்று அவள் இரண்டையும் நிகராக்குமிடத்தில் கௌடபாதரின் தராசே திரும்பவும் தோன்றுகிறது. ஆனால் தட்டில் உள்ளது வேறு. அவர் இரண்டிலும் பொய்ம்மையைக் கண்டு சமன் செய்தார்; இவள் இன்பத்தைக் கண்டு சமன் செய்கிறாள். எனவே அவருக்கு விடுதலையாகத் தோன்றும் விழிப்பு இவளுக்கு இழப்பாகிறது. கோப்பெருஞ்சோழன் பாடலில் (குறுந்தொகை 147) கனவே தலைவனை இன்துயிலினின்று எழுப்புகிறது. இருந்தும் துணையைப் பிரிந்தோர் கனவை இகழார் என்கிறான் அவன். குறளின் தலைவி பழியை நனவின்மேல் ஏற்றுகிறாள்: நனவென ஒன்று இல்லையாயின் கனவில் வந்தவர் நீங்கார் (1216). உறங்கும்போது தோளில் இருந்தவர் விழித்ததும் நெஞ்சுக்குள் விரைந்து புகுந்துவிடுகிறார் என்கிறது அதற்கு இரண்டு குறள் தள்ளி வரும் பாடல் (1218).