ஒரு பஞ்சமும் மூவகை அறிவும்

1943ஆம் ஆண்டு வங்கத்தில் பல இலட்சம் மக்கள் பஞ்சத்தால் மாண்டனர். காரணம் யாது? முந்தைய ஆண்டு நெற்பயிரைத் தாக்கிய பழுப்புப் புள்ளி நோயைச் சுட்டினார், 1973இல், பயிர்நோய் அறிஞர் எஸ். ஒய். பத்மநாபன், அவர் ஆராய்ந்தது விளைச்சலை. அரிசி விலைக்கு ஈடாகக் கூலி உயராமையைச் சுட்டினார், 1981இல், பொருளியலறிஞர் அமர்த்தியா சென். அவர் ஆராய்ந்தது சந்தையை. விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரோ, 'அசனி சங்கேத்' என்னும் புதினத்தில், பசி ஒரு சிற்றூரின் நெஞ்சை என்ன செய்தது எனக் காட்டினார். முன்னவர் இருவரும் காரணத்தில் மாறுபடுவர். மூன்றாமவர் காரணம் தேடினாரல்லர். எனினும் மூன்றில் ஒன்றை விடுத்தால் அப்பஞ்சத்தை நாம் முழுதும் அறியோம். பொறியியலும் மருத்துவமுமே கல்வி என நம் பிள்ளைகளுக்குக் கூறும் நாம், இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக!