தக்ஷிண கங்கோத்ரியும் உருகும் பனித்தட்டுகளும்

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தருகே நின்று வடகிழக்கே நோக்குவோர்க்குப் புலப்படும் யானைமலை, இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் பிரிவின்றிக் கோண்டுவானா என்னும் ஒரே மகாகண்டமாய்க் கிடந்த யுகத்தைக் கண்ட பாறையாகும். ஆதலால், 1981 டிசம்பர் 6-ஆம் நாள், சையத் ஜஹூர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வேக் கப்பலில் புறப்பட்டு, மறு ஜனவரி 9-இல் அப்பனிக்கண்டத்தில் இறங்கிய பிரயாணத்தை, பிரிந்த பந்துவைத் தேடிப்போன யாத்திரையாகவே நான் கருதுகிறேன்.

ஹர்ஷ் குப்தாவின் தலைமையில் சென்ற மூன்றாம் குழு, 1983-84 கோடையில் ‘தக்ஷிண கங்கோத்ரி’ என்னும் நம் முதல் நிலையத்தை அங்கே நிர்மாணித்தது. 1984-இல் பன்னிருவர் அதிலேயே தங்கி, சூரியன் எட்டிப்பாராத துருவக் குளிர்காலத்தை முதன்முதலாகக் கழித்த தீரச்செயல், நம் பாடநூல்களில் இன்னும் விரிவாக இடம்பெற வேண்டியது. ஆயினும் அந்நிலையம் நின்றது நிலத்தின்மீதன்று. கண்டத்துப் பனியாறுகள் இறங்கிவந்து, சமுத்திரத்தின்மேல் மிதந்தபடி பரந்து கிடக்கும் பனித்தட்டின்மீது. பின்னிருந்து பனியாறு ஊட்ட, மேலே புதுப்பனி படிய, அடியில் கடல்நீர் கரைக்க, விளிம்பு பனிமலைகளாய் உடைந்து பிரிய, வரவும் செலவும் சமமாயிருக்கும் மட்டுமே அத்தட்டு நிலைக்கும். அவ்வாறு படிந்த பனியே நிலையத்தை ஆண்டுதோறும் மூடிக்கொண்டு வர, 1990-இல் அது கைவிடப்பட்டது. அதற்குள் ஷிர்மாகர் பாறைவெளியில் ‘மைத்ரி’ என்னும் புது நிலையம் எழுந்துவிட்டது. தக்ஷிண கங்கோத்ரி புதைந்ததை உலக வெப்பத்தின் கணக்கில் எழுதுவது தவறு. அது பனித்தட்டின் இயல்பு.

இயல்பு பிறழ்ந்த கதை அண்டார்டிகத் தீபகற்பத்தில் நிகழ்ந்தது. 1995-இல் லார்சன் ‘ஏ’ என்னும் பனித்தட்டு சிதறிற்று. பதினாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருந்ததாக ஆராய்ச்சியாளர் கணிக்கும் லார்சன் ‘பி’, 2002-இன் தொடக்கத்தில், ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர், அதாவது மதுரை மாவட்டத்தைவிடச் சற்றே குறைந்த பரப்பு, சில வாரங்களில் நொறுங்கிப்போயிற்று. உஷ்ணமிகுந்த கோடையில் மேற்பரப்பில் உருகித் தேங்கிய நீர், வெடிப்புகளில் இறங்கித் தன் பாரத்தாலேயே அவற்றை அடிவரை பிளந்தது. மிதக்கும் பனி உருகுவதால் மட்டும் கடல்மட்டம் உயர்ந்துவிடாது என்பது மெய்யே. எனினும் ஏரிக்கு மதகு எப்படியோ, நிலத்துப் பனிக்கு அத்தட்டு அப்படி. லார்சன் ‘பி’ அகன்றதும், பின்னிருந்த பனியாறுகள் முன்னினும் பன்மடங்கு வேகத்தில் கடலில் இறங்கின. நம் நிலையங்கள் அமைந்த கிழக்கு அண்டார்டிகாவாவது திடமாயிருக்கும் என்ற நம்பிக்கையை, 2022 மார்ச்சில் காங்கர் பனித்தட்டின் சிதைவு தளரச் செய்தது.

மாட்டுத்தாவணியில் இராமேசுவரம் பேருந்தேறினால் சில மணி நேரத்தில் மன்னார் வளைகுடாவின் தாழ்ந்த கரையை அடையலாம். அங்கே பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் ஏற்கெனவே நீரில் அமிழ்ந்துவிட்டன. பவளப்பாறைகளை மனிதர் வெட்டியெடுத்ததே அதற்குப் பிரதான காரணம். அரண் இழந்த அக்கரையில்தான், தெற்கே கரையும் பனியின் நீரும் வந்து சேரப்போகிறது. ஆகவே, கோவாவிலுள்ள தேசிய துருவ, கடலாராய்ச்சி மையத்தின் அளவீடுகள் ஆண்டுதோறும் எளிய தமிழில் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளின் மீனவ கிராமங்களுக்கு எட்டுமாறு செய்ய, அரசினரும் நம் பல்கலைக்கழகங்களும் உடனே முன்வர வேண்டும்.