ரேமுக்கு வெளிச்சம் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கேமிங் பிசி கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை இருந்தால் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை மாணவர் ஒருவர் போனை நீட்டினார். "சேர், லைட் உள்ள ரேம் எடுக்கவா, லைட் இல்லாததா?" 2022 பெப்ரவரியில் அவருடைய நானாவும் எங்களிடம் இதையேதான் கேட்டார். அப்போது எங்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. "உங்கட விருப்பம் மகன்" என்று சொல்லிவிட்டோம். உம்மாவின் சீட்டுக் காசில் அவர் நிறம் மாறும் லைட்டோடு 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கினார். அதன் சோடியை இரண்டு மாதத்தில் வாங்குவதாகத் திட்டம். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சோடி வரவேயில்லை. ரேமுக்கும் கேஸுக்கும் காற்றாடிக்கும் லைட்டுக்காகக் கொடுத்த மேலதிகக் காசில் அந்தச் சோடியை அன்றைக்கே வாங்கியிருக்கலாம்.

அன்று சொல்லாததை இன்று சொல்ல வேண்டும் என்றுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

ரேம் என்பது கணினி வேலை செய்யும் மேசை. ஹார்ட் டிஸ்க் அலுமாரி. அலுமாரியில் எவ்வளவு இருந்தாலும், எடுத்து விரித்து வைக்க மேசை வேண்டும். 1950களில் இந்த மேசை நெசவு வேலையாக இருந்தது. ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்த சின்னஞ்சிறு வளையங்களுக்குள் மெல்லிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். கோத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1933 வேலைநிறுத்தத்தால் நாடறிந்த நெசவாலை நம்முடைய வெள்ளவத்தையில் இருந்தது. கணினி நினைவகமும் ஒரு காலத்தில் பாவும் ஊடையுமாகத்தான் இருந்தது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். சந்திரனுக்குப் போன அப்போலோ கணினியின் மேசையும் அப்படிக் கோத்ததுதான். அதில் 2,048 சொற்களுக்குத்தான் இடம் இருந்தது.

1966 இல் ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்ட் ஒரு வழி கண்டார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அதில் ஒரு பிட். மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி. ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு நொடியும் பல தடவை நிரப்ப வேண்டும். கொறன்ட் போனதும் ரேமில் இருந்தது அழிவது இதனால்தான். 1970 இல் இன்டெல் 1103 என்ற சிப் சந்தைக்கு வந்தது. 1,024 பிட். இன்றைய 16 ஜிபி ரேமுக்கு அந்தச் சிப்பில் 13 கோடிக்கு மேல் வேண்டும்.

வெளிச்சத்தின் கதை வேறு பாதையில் வந்தது. சிவப்பு எல்ஈடி 1962 இலேயே வந்துவிட்டது, பச்சையும் பின்னால் வந்தது. நல்ல பிரகாசமான நீலம் மட்டும் கிடைக்கவில்லை. நீலம் இல்லாமல் எல்லா நிறங்களையும் கலக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் அது கைகூடியது. அகசாக்கி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது.

2003 அளவில் கோர்செயார் நிறுவனம் ரேமின் தலையில் சிறு விளக்குகளை வைத்தது. நினைவகம் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை அவை காட்டின. வெள்ளவத்தை கொமியூனிகேஷன் கடைகளில் வெளிநாட்டு அழைப்புக்கு ஆட்கள் காத்திருக்க, பக்கத்து நெட் கஃபேயில் பொடியன்கள் கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடிய காலம் அது. 2017 இல் ஜிஸ்கில் நிறுவனத்தின் டிரைடென்ட் இசட் ஆர்ஜிபி வந்தது. இந்த விளக்கு வேலையைக் காட்டவில்லை. நமக்குப் பிடித்த நிறத்தைக் காட்டியது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கண்ணாடிக்குப் பின்னால் மினுங்குவது அதன் வாரிசுகள்தான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ரேம் பெட்டியில் சிஎல் என்று ஓர் எண் இருக்கும். அதை 2,000ஆல் பெருக்கி, வேக எண்ணால் பிரியுங்கள். கேட்டதைக் கொடுக்க ரேம் எடுக்கும் நேரம் நானோ செக்கனில் வரும். 2003 இன் நல்ல டிடிஆர் 400, சிஎல் 2: விடை 10. டிடிஆர்4 3200, சிஎல் 16: விடை 10. இன்றைய டிடிஆர்5 6000, சிஎல் 30: அதுவும் 10. இருபது வருடத்தில் காத்திருக்கும் நேரம் குறையவில்லை. மேசைதான் பெரிதானது, ஒரே தடவையில் அள்ளிக் கொடுக்கும் அளவும் கூடியது.

ஆகவே காசு போக வேண்டிய ஒழுங்கு இது. முதலில் கொள்ளளவு. அடுத்தது, ஒன்றுக்குப் பதில் சோடி, ஏனென்றால் இரண்டு இருந்தால் தரவுக்கு இரண்டு பாதை. மூன்றாவது வேகமும் சிஎல் எண்ணும். லைட் கடைசி. டிடிஆர்4 பலகையில் டிடிஆர்5 ஏறாது. லைட் உள்ள ரேம் சில உயரமானவை, பெரிய கூலரில் முட்டும், அளந்து பாருங்கள். லைட்டை ஆட்டுவிக்கும் மென்பொருள் உங்கள் மதர்போர்டோடு ஒத்துப்போகுமா என்றும் கேளுங்கள். வாங்கிய பிறகு பயோஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவைப் போடாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகம் பெரும்பாலும் பெட்டியிலேயே இருந்துவிடும். இந்தத் தவறைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

இப்போது இதையெல்லாம் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. உலகத்து ரேம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 இன் கடைசியில் விலை வேகமாக ஏறியது. எங்கோ நடப்பதற்குக் கொட்டாஞ்சேனையில் ஓர் உம்மாவின் சீட்டுக் காசு பதில் சொல்கிறது.

லைட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெசாக் தோரணத்தில் ஓடும் விளக்குகள்தான் நம்மை வீதியில் நிறுத்தி வைக்கின்றன. ஆனால் கதை இருப்பது படங்களில். படமே இல்லாமல் விளக்கை மட்டும் கட்டினால் அது தோரணமல்ல.

தம்பிக்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். புதிய பிசியே வேண்டாம், நானாவின் பிசியைத் திறந்து பாருங்கள் மகன் என்றோம். ஓர் இடம் நான்கு வருடமாக வெறுமையாகவே இருந்தது. அதே வேகத்தில், லைட் இல்லாத, பாவித்த 8 ஜிபி ரேம் ஒன்று கிடைத்தது. வெவ்வேறு கம்பனி ரேம் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சொல்லித்தான் போடவைத்தோம். இரவு முழுக்க மெமரி டெஸ்ட் ஓடியது, ஒரு பிழையும் வரவில்லை.

"ஒன்று மினுங்குது, ஒன்று மினுங்கல்ல சேர்" என்று படம் அனுப்பியிருந்தார். "கேம் எப்படி?" என்று கேட்டோம். "இப்ப சிக்கல்ல சேர்."

நானாவுக்கு 2022 இல் நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் எங்களைப் போலத் தட்டிக்கழிக்காதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.