கோல் இல்லாத 219 ஆட்டங்கள்

சென்ற வாரம் 1999 ஜூலையில் நிறுத்தியிருந்தோம். ரோஸ் பௌல் மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேர் திரண்டு பார்க்க, அமெரிக்கப் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற கட்டம் அது. அந்த வெற்றியின் வேகத்தில் 2001இல் தொடங்கிய தொழில்முறை லீக், மூன்றே பருவங்களில், 2003 செப்டம்பரில் இழுத்து மூடப்பட்டது. அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளை யாருடைய வாழ்க்கை வழியாகச் சொல்வது? வாம்பாக், கார்லி லாய்ட், அலெக்ஸ் மார்கன், ரப்பினோ என்று கோல் அடித்தவர்களின் பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் பெக்கி சாவர்பிரன்னைத் தேர்ந்தெடுக்கிறேன். நடுத்தடுப்பு ஆட்டக்காரர். நாட்டுக்காக 219 ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூட அடிக்காதவர். பெண்களின் சம ஊதிய வழக்கில் நீதிமன்றம் எழுப்பிய மிகக் கடினமான கேள்விக்கு, அவர் ஆடிய கிளப்புகளின் கதையே பதில் சொல்கிறது என்பது என் கருத்து.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். 2015 கனடா உலகக் கோப்பை என்றதும் இறுதி ஆட்டத்தில் லாய்ட் 16 நிமிடத்துக்குள் அடித்த மூன்று கோல்கள்தான் பேசப்படுகின்றன. ஆனால் அந்த இறுதிக்கு அமெரிக்கா எப்படி வந்து சேர்ந்தது? முதல் ஆட்டத்தின் 27ஆம் நிமிடத்தில் ஆஸ்திரேலியா ஒரு கோல் போட்டது. அதன்பின் இறுதி ஆட்டத்தின் 27ஆம் நிமிடத்தில் ஜப்பான் போடும்வரை, 540 நிமிடங்களுக்கு அமெரிக்க வலைக்குள் பந்து போகவில்லை. இடைப்பட்ட ஐந்து ஆட்டங்களில் அமெரிக்கா அடித்ததே மொத்தம் ஆறு கோல்தான். தடுப்பு வரிசை ஓரிரு இடங்களில் சறுக்கியிருந்தாலும் லாய்டுக்கு இறுதி ஆட்டமே கிடைத்திருக்காது. அது நால்வரும் கோல்கீப்பரும் சேர்ந்து செய்த வேலை, ஒருவர் கணக்கில் எழுதலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தடுப்பாட்டக்காரரின் தவறு மட்டும் அவர் பெயரில் பதிவாகும். அவர் தவிர்த்த ஆபத்துக்குப் பதிவேடே கிடையாது. 2019இல் ரான்ஸ் நகரில் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டம். ஒன்பதாம் நிமிடத்தில் கோல்கீப்பர் நேயர் அருகிலேயே தட்டிவிட்ட பந்தை சாவர்பிரன் பறிகொடுத்தார். ஹெர்மோசோ அதை வளைத்து வலைக்குள் அனுப்பினார். இந்தக் காட்சியை இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். அதே தொடரின் இறுதியில், லியோனில், தலையோடு தலை மோதி ரத்தம் வழிய, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, நெதர்லாந்தை ஒரு கோலும் போடவிடாமல் அவர் நின்றது அத்தனை பேருக்கு நினைவில்லை. ஆகவே கூட்டு உழைப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கூட்டு மாறிக்கொண்டே இருந்தபோதும், 2013, 2014, 2015, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளில் பின்னர் தொடங்கிய தொழில்முறை லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவரிடமே போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி கிளப்புகளுக்கு வருவோம். செயின்ட் லூயிஸில் வளர்ந்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்தபோது அவர் நாட்டில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் இல்லை. 2009இல் இரண்டாவது லீக் பிறந்தது. வாஷிங்டன் ஃப்ரீடம் அணி அவரை எடுத்தது. இரண்டு பருவங்களுக்குப் பின் அந்த அணி கைமாறி, மேஜிக்ஜாக் என்ற புதிய பெயரோடு ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தது. ஒரே பருவத்தில் அதுவும் முடிந்தது. 2012இல் லீக்கே மூடப்பட்டது. 2013இல் மூன்றாவது லீக்கான என்.டபிள்யூ.எஸ்.எல். தொடங்கியது. எஃப்.சி. கான்சஸ் சிட்டியில் சேர்ந்து 2014, 2015 என இரண்டு பட்டங்களை வென்றார். அந்தக் கிளப்பும் 2017இல் கலைந்தது. அடுத்து யூட்டா ராயல்ஸ். 2020இல் அவர் போர்ட்லேண்டுக்கு மாறிய ஆண்டிலேயே யூட்டா அணியும் மூடப்பட்டது. உலகின் முன்னணித் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவருக்கே இந்த நிலை. தேசிய அணியில் இடம் பெறாத சக ஆட்டக்காரர்களுக்கு 2013இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் ஒரு பருவத்துக்கு 6,000 டாலர்.

இந்தப் பின்னணியோடு வழக்கைப் படிக்க வேண்டும். 2016இல் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்த ஐவரில் சாவர்பிரன் ஒருவர். 2019 மார்ச் 8 அன்று தேசிய அணியே கால்பந்து சம்மேளனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 2020 மே மாதம் நீதிபதி கேரி கிளாஸ்னர் ஊதியக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணங்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. வழக்குக்குரிய காலத்தில் பெண்கள் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 2,20,747 டாலர் பெற்றது; ஆண்கள் அணி 2,12,639 டாலர். அதோடு, ஆண்களைப் போல ஆடினால் மட்டுமே பணம் என்ற முறை பெண்கள் முன்பும் வைக்கப்பட்டது. அதை மறுத்து நிலையான சம்பளத்தைக் கேட்டு வாங்கியது அவர்கள் சங்கம்தான் என்றார். தாங்களே தேர்ந்த ஒப்பந்தத்தைப் பிறகு குறைசொல்வது எப்படிச் சரி?

முதல் காரணத்துக்குப் பதில் வெற்றிக் கணக்கில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெண்கள் இரண்டு உலகக் கோப்பைகளை வென்றார்கள். ஆண்கள் 2018 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. உலகத்தை இருமுறை வென்று ஏறக்குறைய சமமாக வாங்குவதைச் சம ஊதியம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. ஆண்களுக்கு மாதச் சம்பளம் தர உறுதியான கிளப்புகள் இருந்தன. தேசிய அணிப் பணம் அவர்களுக்கு மேல்வருமானம். பெண்களுக்கோ சம்மேளனச் சம்பளமே பிழைப்பு. புதிய லீக்கில் தேசிய வீராங்கனைகளின் கிளப் ஊதியத்தையும் சம்மேளனமே கொடுத்து வந்தது. இன்று ஆடும் கிளப் அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத ஒருவர், காயம்பட்டால் வருமானமே நின்றுபோகும் முறையை எப்படி ஏற்பார்? சாவர்பிரன் தலைமுறை நிலையான சம்பளத்தைக் கேட்டது விருப்பத்தால் அல்ல, மூடிப்போன கிளப்புகளைக் கண்ட அனுபவத்தால். ஆண்கள் ஆட்டமே அதிகம் சம்பாதிக்கிறது என்பார்கள். ஆனால் சம்மேளனத்தின் தணிக்கைக் கணக்குகளின்படி, 2016 முதல் 2018 வரை பெண்கள் ஆட்டங்களின் வருவாய் 5.08 கோடி டாலர், ஆண்களுடையது 4.99 கோடி.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கையிலேயே, 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. மே மாதம் புதிய ஒப்பந்தம். வீராங்கனைகள் சங்கத்தின் தலைவர் அப்போது சாவர்பிரன். உலகக் கோப்பைப் பரிசுப் பணத்தை ஆண், பெண் இரு அணிகளும் ஒரே தொகுப்பாக்கிச் சமமாகப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. இது ஆண்கள் போட்ட பிச்சை என்று அன்று சிலர் பேசினார்கள். எண்களைப் பார்ப்போம். 2015இலும் 2019இலும் கோப்பை வென்ற பெண்களுக்கு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு தந்தது 20 லட்சமும் 40 லட்சமும், ஆக 60 லட்சம் டாலர். 2022 கத்தாரில் கடைசி பதினாறோடு வெளியேறிய ஆண்களுக்கு 1.3 கோடி. உலக அமைப்பு வகுத்த இந்த ஏற்றத்தாழ்வை வீட்டுக்குள்ளாவது சரிசெய்தது அந்த ஒப்பந்தம். அதைத் தானம் என்று சொல்வது பெரும் அநீதி.

அந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையில், 2023இல், கால் காயத்தால் சாவர்பிரன் ஆடவில்லை. 2024 ஆகஸ்டில் லீக்கும் அதன் வீராங்கனைகள் சங்கமும் இன்னோர் ஒப்பந்தத்தை அறிவித்தன. கல்லூரி முடித்தவர்களைக் கிளப்புகளுக்குப் பங்கு போடும் முறை ஒழிந்தது. எல்லா ஒப்பந்தங்களுக்கும் பண உத்தரவாதம் வந்தது. வீராங்கனையின் சம்மதமில்லாமல் அவரை வேறு கிளப்புக்கு மாற்ற முடியாது. 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 48,500 டாலர். ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட 2024ஆம் ஆண்டின் டிசம்பரில், 39ஆம் வயதில், சாவர்பிரன் ஓய்வை அறிவித்தார். உலகக் கூட்டமைப்பின் பரிசுத் தொகை மட்டும் இன்னும் சமமாகவில்லை: 2022இல் ஆண்களுக்கு 44 கோடி டாலர், 2023இல் பெண்களுக்கு 11 கோடி. அந்தத் தொகைக்கான பேரத்தின் வரலாறு அடுத்த வாரம்.