மட்கலமும் வேட்கோவரும்

பழந்தமிழரின் அன்றாட வாழ்வை அறிதற்கு மட்கலங்களே மிகுதியான சான்றுகளைத் தருகின்றன. பொன்னும் இரும்பும் உருக்கப்பெற்று வேறு பொருளாக மாறிவிடும். சுட்ட மண்ணோ உடைந்தாலும் அழிவதில்லை. ஆதலின் அகழாய்வுக் களங்களில் பானை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. ஆயினும் கலத்தைப் பயன்படுத்தியோரைப் பற்றி இவ்வோடுகள் கூறும் அளவிற்கு, அதனை வனைந்தோரைப் பற்றிக் கூறுவதில்லை. இவ்விடைவெளியைச் சங்க இலக்கியம் எவ்வாறு நிரப்புகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. 2019இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அகழாய்வு அறிக்கை, ஆதன், குவிரன் ஆதன் முதலிய பெயர்களைக் குறிப்பிடுகிறது. இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் கலத்திற்கு உரியோரின் பெயர்களாகவே கொள்ளப்படுகின்றன. கலம் உருவான பின்னர்க் கீறப்பட்டமையும், எழுத்தமைதி ஓட்டுக்கு ஓடு வேறுபடுதலும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றன. வனைந்தவர் தம் பெயரைப் பொறித்தார் என்று கொள்ள இவை இடந்தரவில்லை.

எனினும் அவர்தம் தொழிலறிவு கலத்திலேயே பதிந்துள்ளது. கருப்பு சிவப்புப் பானைகள் இதற்குத் தக்க சான்றாகும். கலங்களைக் கவிழ்த்து அடுக்கிச் சுடும்போது உட்புறம் போதிய காற்றுப் பெறாமல் கருமையடைகிறது. காற்றுப்படும் வெளிப்புறம், மண்ணிலுள்ள இரும்புச் சத்தால் செம்மையடைகிறது. ஒரே சூளையில் இருநிறம் தோன்றச் செய்தல் தற்செயலன்று. நெருப்பை ஆளத் தெரிந்த அறிவின் விளைவாகும். திகிரியிலிருந்து அறுத்தெடுத்த பானையின் உட்புறத்தில் கல்லை அணைத்து, வெளிப்புறத்தை மரப்பலகையால் தட்டி அடிப்பகுதியை உருண்டையாக்கும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. அவ்வுருண்டை அடி மூன்று கல் அடுப்பில் நன்கு பொருந்தும். வெப்பமும் சீராகப் பரவும்.

வனைந்தோரைக் காட்டுவன பாடல்களே. கோவூர் கிழார் பாடிய புறநானூற்று 32ஆம் பாடலில், சோழன் நலங்கிள்ளியின் எண்ணப்படியே அமையும் நாட்டிற்கு, வேட்கோச் சிறுவர் திகிரியில் இட்ட மண் உவமையாகிறது. நற்றிணை 200ஆம் பாடலில் நொச்சிமாலை சூடிய குயவன் ஊர்த்தெருவில் விழாச் செய்தியை அறிவிக்கிறான். கலம் செய்தலோடு ஊரின் பொதுவாழ்விலும் அவனுக்குப் பங்கு இருந்தமை இதனால் புலனாகிறது. வெண்ணிப் போரைப் பாடிய வெண்ணிக் குயத்தியாரின் பெயர், அக்குடியினர் புலமையிலும் சிறந்திருந்தமையைக் காட்டுகிறது.

இறப்புச் சூழலில் இவ்வுறவு மேலும் ஆழமாகிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும், 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறையும் நிகழ்த்திய அகழாய்வுகள் முதுமக்கள் தாழிகளை வெளிக்கொணர்ந்தன. அத்தாழியை வனைபவனை நோக்கியே புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் பேசுகின்றன. முன்னதில், உலகையே திகிரியாகவும் மேருவையே மண்ணாகவும் கொண்டு கிள்ளிவளவனின் புகழுக்கு ஏற்ற தாழியை வனைதல் இயலுமோ என ஐயூர் முடவனார் வினவுகிறார். பின்னதில், வழியிடைக் கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். இரு பாடல்களும் அவனைக் ‘கோ’ என்றே விளிக்கின்றன. அரசனைக் குறிக்கும் சொல்லும் இதுவே என்பது எண்ணத்தக்கது.

பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குதலும், ஈமச்சடங்கில் குடம் உடைத்தலும் பிற்காலத் தமிழர் வழக்கில் தொடர்கின்றன. வாழ்வின் தொடக்கங்களிலும் முடிவிலும் வேட்கோவரின் கலம் வேண்டப்படுகிறது. ஓட்டில் காண்பது உடையவர் பெயர். பாட்டில் காண்பது வனைந்தவர் உரு. எனவே அகழாய்வுச் சான்றையும் இலக்கியச் சான்றையும் இணைத்து நோக்கும்போதே மட்கலத்தின் வரலாறு அதனைச் செய்தோரின் வரலாறாகவும் முழுமை பெறும் எனலாம்.